கட்டடம் முதலீடு, செவிலியர் செலவா? மாநில நிதியும் சந்தைவாதத்தின் கணக்கும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாநில அரசுகளின் செலவு குறித்து நாட்டில் நடைபெறும் விவாதம் பெரும்பாலும் ஒரே திசையில் செல்கிறது. மாநிலங்கள் வரவுக்கு மீறிச் செலவிடுகின்றன. தேர்தலுக்காக இலவசங்களை அறிவிக்கின்றன. கடனைப் பேரக் குழந்தைகளின் தலையில் ஏற்றுகின்றன. ஆகவே செலவைச் சுருக்க வேண்டும், சேவைகளைத் தனியாரிடம் விட வேண்டும், மானியத்தைத் 'தகுதியுள்ளோருக்கு' மட்டும் தர வேண்டும் என்பது அந்த வாதத்தின் சாரம். 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் பண்டேல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்துவைத்த பிரதமர், இலவசத் திட்டங்களின் அரசியலை 'ரேவடி கலாச்சாரம்' என்று சாடினார். அதன் பிறகு இந்தப் பேச்சு தேநீர்க் கடை வரை வந்துவிட்டது.

தொழிற்சங்கக் கூட்டத்திலும் விவசாயிகள் கூட்டத்திலும் கட்சி உறுப்பினர்கள் எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர் முதலாளி அல்லர், பெரும்பாலும் உழைப்பாளியே. மாதக் கடைசியில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டும் துன்பத்தை அறிந்தவர் அவர். எனவே அரசின் கடன் என்றவுடன் அவர் அஞ்சுவது இயல்பு. அவருக்குத் தரப்படும் பதில் வெறும் கண்டனமாக இருந்தால் அது அவரைச் சென்றடையாது. எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொண்டு பதில் சொல்லும் கடமை இடதுசாரிகளுக்கு உண்டு.

வாதத்தின் வேர்

சந்தைவாதிகளின் வாதம் நேற்று முளைத்ததன்று. அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் புக்கானன். 1986ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவரது தர்க்கம் எளிமையானது. வாக்காளர் அரசின் செலவை விரும்புகிறார், வரியை வெறுக்கிறார். அரசியல்வாதி இருவேறு விருப்பங்களையும் நிறைவு செய்யக் கடன் வாங்குகிறார். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய தலைமுறை இன்னும் வாக்குச் சாவடிக்கு வரவில்லை. ஆகவே மக்களாட்சி தன்னியல்பாகவே பற்றாக்குறையை நோக்கிச் சரியும். அதைத் தடுக்கச் சட்டமன்றமே மீற முடியாத விலங்கு ஒன்றைச் சட்டத்தில் பூட்ட வேண்டும்.

அமெரிக்க மாநிலங்கள் இதற்குச் சோதனைக் களமாயின. 1978இல் கலிபோர்னியா மாநிலம் சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தது. 1992இல் கொலராடோ, வாக்காளர்களின் நேரடி ஒப்புதலின்றி வரியை உயர்த்த முடியாதபடி தன் அரசமைப்பைத் திருத்தியது.

இந்த வாதத்தின் உள்ளே ஒரு முன்முடிவு இருக்கிறது. ஏழை மக்கள் தங்கள் வாக்கைப் பயன்படுத்திப் பள்ளியையும் மருத்துவமனையையும் அரிசியையும் கேட்பதை அது ஒரு நோயாகக் காண்கிறது. அந்த நோய்க்கு மருந்தாக, செலவு பற்றிய முடிவை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடமிருந்து எடுத்து, கடன் தருவோரிடமும் நிதித்துறை அதிகாரிகளிடமும் ஒப்படைக்கிறது. 'எவ்வளவு செலவிடலாம்' என்ற கேள்வியின் பின்னே, 'யார் முடிவெடுப்பது' என்ற கேள்வி மறைந்து நிற்கிறது. இன்றைய உரையின் மையம் இதுவே.

3 சதவீதம் எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் அந்த விலங்கின் பெயர் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம். மாநிலங்களில் முதலாவதாகக் கர்நாடகம் 2002இல் இதனை இயற்றியது. தமிழ்நாடும் கேரளமும் 2003இல் இயற்றின. ஒன்றிய அரசின் சட்டமும் 2003ஆம் ஆண்டினதே. பிற மாநிலங்களை இதற்குள் கொண்டுவந்தது 12ஆவது நிதிக்குழு. மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்துக்குள் நிதிப் பற்றாக்குறை இருக்க வேண்டும், வருவாய்ப் பற்றாக்குறையை முற்றாக ஒழிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றும் மாநிலத்துக்கே கடன் நிவாரணம் என்று அக்குழு நிபந்தனை விதித்தது. இடது முன்னணி ஆட்சியிலிருந்த மேற்கு வங்கம் நெடுநாள் இதனை ஏற்கவில்லை. அதனால் அந்த நிவாரணத்தை இழந்தது; முடிவில் 2010இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. விரும்பி ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு என்று சொல்லப்படுவதன் உண்மை நிலை இதுதான்.

இந்த 3 என்ற எண் இயற்கை விதியன்று. ஐரோப்பிய நாடுகள் 1992இல் கையெழுத்திட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் வழியே உலகெங்கும் புகழ்பெற்ற எண் அது. அதற்கும் முன்னர், 1981இல் பிரெஞ்சு நிதி அமைச்சகத்தில் அந்த எண்ணை உருவாக்கியவர்களுள் ஒருவரான கீ அபேய், அதற்குப் பொருளாதாரக் கோட்பாட்டு அடிப்படை ஏதுமில்லை என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

விதி வகுத்தவர் விதியைக் காத்தாரா? ஒன்றிய அரசின் நிதிப் பற்றாக்குறை 3 சதவீதத்துக்குள் வந்தது 2007-08ஆம் ஆண்டில். அதன் பிறகு ஒருமுறையும் அந்த எல்லைக்குள் அது திரும்பவில்லை. பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் அது 9 சதவீதத்தையும் தாண்டியது. 2018இல் ஒன்றிய அரசு தன் சட்டத்தைத் திருத்தி, வருவாய்ப் பற்றாக்குறை இலக்கைத் தனக்கு இல்லாமலே ஆக்கிக்கொண்டது. மாநிலங்கள் மட்டும் அந்தக் கயிற்றில் கட்டுண்டு கிடக்கின்றன. நெருக்கடி காலத்தில் ஒன்றிய அரசு கடன் வாங்கிச் செலவிட்டது தவறு என்று இடதுசாரிகள் சொல்லவில்லை. இன்னும் அதிகமாகச் செலவிட்டிருக்க வேண்டும் என்றே கோரினார்கள். ஒரே நாட்டில் ஒரு தட்டுக்கு ஒரு படிக்கல்லும் மறு தட்டுக்கு வேறு படிக்கல்லும் ஏன் என்பதே கேள்வி.

கட்டடமும் செவிலியரும்

வருவாய்ப் பற்றாக்குறை என்ற சொல் பலருக்கு அலுப்பூட்டும். ஆனால் தொழிலாளியின் வாழ்வை நேரடியாகத் தொடும் சொல் அது. அரசுக் கணக்கில் செலவு இரண்டு வகை. சாலை, பாலம், கட்டடம் ஆகியவை மூலதனச் செலவு. ஊதியம், ஓய்வூதியம், மருந்து, மதிய உணவு, மானியம் ஆகியவை வருவாய்ச் செலவு. முதல் வகை நல்ல செலவு, இரண்டாம் வகை கெட்ட செலவு என்பது சந்தைவாதத்தின் பாலபாடம். வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்க வேண்டும் என்ற விதி இந்தப் பாடத்தின் சட்ட வடிவம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கட்டடம் எழுப்பினால் அது முதலீடு. அந்தக் கட்டடத்துக்குள் பிரசவம் பார்க்கும் செவிலியருக்குத் தரும் ஊதியம் வெறும் செலவு. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டினால் அது வளர்ச்சி. வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியர் சுமை. செவிலியர் இல்லாத மருத்துவமனையும் ஆசிரியர் இல்லாத பள்ளியும் எந்தக் கணக்கில் சொத்தாகும்?

இந்த வகைப்பாட்டின் விளைவு நாடெங்கும் கண்கூடு. ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. நிரப்பப்பட்டால் ஒப்பந்தம், தொகுப்பூதியம், வெளிமுகமை என்ற பெயர்களில் நிரப்பப்படுகின்றன. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி ஊழியருக்குத் தரப்படுவது இன்றும் 'மதிப்பூதியம்'. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் ஆஷா ஊழியர் 'தன்னார்வலர்'. இவர்களை ஊழியர் என்று அழைக்க மறுப்பதற்குப் பின்னே இருப்பது மொழிச் சிக்கலன்று. ஊதியப் பட்டியல் நீளக் கூடாது என்ற நிதி விதி. இந்தச் சுமையைச் சுமப்பவர்கள் பெண்கள் என்பதும் தற்செயலன்று. இடதுசாரிகள் ஆண்ட மாநிலமும் இந்த நெருக்கடிக்கு வெளியே நின்றுவிட முடியவில்லை. ஆகவே இந்த விதியை எதிர்ப்பது ஆட்சியிலிருக்கும் கட்சி எது என்பதைப் பொறுத்ததன்று.

கடன் என்னும் கடிவாளம்

விதியை நடைமுறைப்படுத்தும் கருவி அரசமைப்புச் சட்டத்தின் 293ஆவது பிரிவில் இருக்கிறது. ஒன்றிய அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் நிலுவையில் உள்ள மாநிலம், புதிய கடன் வாங்க ஒன்றிய அரசின் இசைவைப் பெற வேண்டும். அந்த இசைவுக்கு நிபந்தனை விதிக்கலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. கடன் கொடுத்தவரின் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட இந்த வாசகம் இன்று கொள்கையைத் திணிக்கும் கருவியாக மாறியிருக்கிறது.

2020 மே மாதத்தை நினைவுகூர வேண்டும். ஊரடங்கால் மாநிலங்களின் வரி வருவாய் வற்றிய நேரம். கடன் வரம்பை 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்துவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. கூடுதலாகக் கிடைத்த 2 சதவீதத்தில் 0.5 சதவீதம் மட்டுமே நிபந்தனையற்றது. எஞ்சியது, ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை, தொழில் தொடங்குவதை எளிதாக்குதல், மின் விநியோகச் சீர்திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளின் வருவாய் உயர்வு ஆகிய நான்கோடு பிணைக்கப்பட்டது. மருத்துவமனைகளில் படுக்கை இல்லாமல் மக்கள் தவித்த ஆண்டில், ஒரு மாநிலம் கடன் பெற வேண்டுமானால் தன் மின் கொள்கையை மாற்ற வேண்டியிருந்தது. ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மீட்டர் பொருத்தும் முன்னோட்டம் இந்தச் சூழலில்தான் நடந்தது. பம்புசெட்டுக்கு மீட்டர் வேண்டுமா என்று அந்த மாநிலத்தின் வாக்காளர்களிடம் கேட்கப்படவில்லை.

கேரளத்தின் அனுபவம் இன்னும் கூர்மையானது. மாநிலத்தின் உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பியும், சமூக நல ஓய்வூதியங்களை வழங்கும் நிறுவனமும் வாங்கிய கடன்களை ஒன்றிய அரசு மாநிலக் கடன் வரம்புக்குள் சேர்த்துக் கழித்தது. ஆனால் 3 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கடன் ஒன்றிய அரசின் நிதிப் பற்றாக்குறையில் சேர்க்கப்படவில்லை. கேரளம் 2023 டிசம்பரில் 131ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2024 பிப்ரவரி 8 அன்று கேரள அமைச்சரவை தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் நடத்தியது. 2024 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணத்தை மறுத்தது. 293ஆவது பிரிவு பற்றிய கேள்விகளை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பியது. ஒரு மாநிலத்தின் முதியோர் ஓய்வூதியம் குறித்த முடிவு யாருடையது என்பதே அந்த வழக்கின் உள்ளடக்கம்.

சீர்திருத்தங்கள் தந்தது என்ன?

சந்தைவாதிகள் விளைவைக் கொண்டு அளக்கச் சொல்கிறார்கள். அந்த அளவுகோலையும் ஏற்கலாம்.

உலக வங்கியின் ஆதரவோடு மின்துறைச் சீர்திருத்தத்தை முதலில் மேற்கொண்ட மாநிலம் ஒடிசா. 1995இல் சட்டம் வந்தது. 1999இல் மின் விநியோகம் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு பெரும் புயல் மாநிலத்தைச் சூறையாடியது. மையப் பகுதியின் விநியோகத்தை ஏற்றிருந்த அமெரிக்க நிறுவனமான ஏஇஎஸ் 2001இல் வெளியேறியது. மற்ற மூன்று பகுதிகளை நடத்திய ரிலையன்ஸ் குழும நிறுவனத்தின் உரிமங்களை 2015இல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் ரத்து செய்தது. லாபம் வராதபோது தனியார் விலகினார். விளக்கு எரிய வேண்டிய பொறுப்பு மீண்டும் அரசின் தலையில் விழுந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அதே விநியோகம் வேறொரு பெருங்குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

'தகுதியுள்ளோருக்கு மட்டும்' என்ற கொள்கையின் கதையும் இதுவே. 1997இல் ஒன்றிய அரசு அனைவருக்குமான பொது விநியோகத்தைக் கைவிட்டு, வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று மக்களைப் பிரித்தது. 2001இல் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் குவிந்துகிடந்தபோது ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த ஏற்பாட்டைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டியிருந்தது தமிழ்நாடு. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது, மாநிலத்தின் கருவூலம் தாங்காது என்ற எதிர்ப்பு எழுந்தது. அன்று வீண் செலவு என்று ஏசப்பட்டது பின்னர் நாடு முழுவதற்கும் கடமையாயிற்று. 1997க்குப் பிறகும் ரேஷன் கடையை அனைவருக்கும் திறந்துவைத்த மாநிலமும் அதுவே.

மூன்றாவது வாதம், வரியைக் குறைத்தால் முதலீடு பெருகி வருவாய் தானே உயரும் என்பது. இதை ஒரு மாநில அரசு முழு மனத்தோடு செய்துபார்த்த இடம் அமெரிக்காவின் கன்சாஸ். 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியைக் குறைத்து, பல வகைத் தொழில் வருமானத்துக்கு வரியையே நீக்கினார். வருவாய் சரிந்தது. பள்ளிகளுக்கான நிதி குறித்து மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2015இல் ஏழைகளும் செலுத்தும் விற்பனை வரி உயர்த்தப்பட்டது. 2017இல் அவரது சொந்தக் கட்சியே பெரும்பான்மை பெற்றிருந்த சட்டமன்றம், அவரது மறுப்பாணையையும் மீறி அந்த வரிக் குறைப்பைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் 2019 செப்டம்பர் 20 அன்று கார்ப்பரேட் வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று ஒன்றிய அரசே மதிப்பிட்டது. கார்ப்பரேட் வரி மாநிலங்களோடு பகிரப்படும் வரி. ஆகவே அந்த இழப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மாநிலங்களின் கணக்கில் விழுந்தது. எந்தச் சட்டமன்றமும் இதற்கு வாக்களிக்கவில்லை. மறுபுறம், மாநிலங்களோடு பகிர வேண்டாத செஸ், சர்சார்ஜ் ஆகியவற்றின் பங்கு, ஒன்றிய அரசின் மொத்த வரி வருவாயில் 2011-12இல் ஏறத்தாழ பத்தில் ஒன்றாக இருந்து 2020-21இல் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக உயர்ந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தானாக வரி விதிக்கும் வெளியும் சுருங்கிவிட்டது. இழப்பீடு 2022 ஜூனோடு முடிந்தது. 15ஆவது நிதிக்குழுவின் கணக்குப்படி, அரசுகளின் மொத்தச் செலவில் ஏறத்தாழ 62 சதவீதத்தை மாநிலங்கள் ஏற்கின்றன. திரட்டப்படும் வருவாயில் ஏறத்தாழ அதே அளவு ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. கையையும் காலையும் கட்டி நீரில் இறக்கிவிட்டு, நீந்தத் தெரியவில்லை என்று குறைசொல்வதற்கு ஒப்பானது மாநிலங்களின் மீதான இன்றைய குற்றச்சாட்டு.

மறுக்க முடியாத பகுதி

சந்தைவாதிகள் சொல்வது அனைத்தும் பொய்யா? அவ்வாறு சொல்வது நேர்மையன்று. சட்டமன்றத்தின் பார்வைக்கு வராத கடன், ஒப்பந்தக்காரருக்காகவே தீட்டப்படும் திட்டம், தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு கைவிடப்படும் உதவித்தொகை ஆகியவை உண்மையிலேயே இருக்கின்றன. விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் பெருநில உடைமையாளர் பெறும் பங்கு கூலி விவசாயி பெறுவதைவிட மிகுதி. வட்டி கட்டவே வருவாயின் பெரும்பகுதி போனால் நாளைய அரசின் கைகள் கட்டப்படும் என்பதும் உண்மை.

இவற்றுக்கான மருந்து மக்களின் கையிலிருந்து முடிவைப் பறிப்பதன்று. அதை இன்னும் கீழே கொண்டுசெல்வது. 1996இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. எந்தச் செலவு தேவை என்பது கிராம சபையில் விவாதிக்கப்பட்டது. குறைகள் அதிலும் இருந்தன. எனினும் புக்கானன் அஞ்சிய வாக்காளர், தன் ஊரின் கணக்கைத் தானே பார்க்கும் வாய்ப்பைப் பெற்றார்.

மற்றொரு மருந்து, பணம் இருக்கும் இடத்தில் வரி விதிப்பது. இந்தியாவில் மரணச் சொத்து வரி 1985இலும் செல்வ வரி 2015 பட்ஜெட்டிலும் கைவிடப்பட்டன. செலவைப் பற்றி மட்டும் பேசி வரியைப் பற்றிப் பேசாதவர் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கிறார்.

கிளைகளின் முன்னுள்ள பணி

'சீர்திருத்தம்' என்ற பெயரில் வரும் ஒவ்வொரு அறிவிப்பின் முன்பும் மூன்று கேள்விகளை வைக்கலாம். முடிவெடுப்பவர் யார்? வெட்டப்படுவது யாருடைய செலவு? விட்டுக்கொடுக்கப்படுவது யாருடைய வரி? கடனை அஞ்சும் உழைப்பாளியும் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே சிந்திக்க முடியும்.

கோரிக்கைகள் தெளிவானவை. செஸ், சர்சார்ஜ் ஆகியவை பகிர்வுக்குரிய வரித்தொகுப்பில் சேர்க்கப்பட வேண்டும். வரிப் பகிர்வில் மாநிலங்களின் பங்கு 50 சதவீதமாக உயர வேண்டும். 293ஆவது பிரிவின் இசைவு, கொள்கை நிபந்தனைகளைத் திணிக்கும் வழியாகக் கூடாது. கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கான ஊதியச் செலவை வருவாய்ப் பற்றாக்குறைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். அங்கன்வாடி, ஆஷா ஊழியர்கள் அரசு ஊழியராக ஏற்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளுக்கு மக்களிடம் உருவம் தர ஒரு எளிய வேலை போதும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசுப் பள்ளியிலும் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவற்றுள் நிரந்தரமானவை எத்தனை என்று கேட்டு எழுதிவர வேண்டும். தகவல் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த எண்களைத் தட்டியில் எழுதி அதே கட்டடத்தின் வாசலில் வைக்க வேண்டும். மாநில பட்ஜெட் குறித்த அடுத்த தெருமுனைக் கூட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.